வேப்பிலைச் சாற்றில் வெள்ளி: மலேரியாவுக்கு எதிரான நானோ துகள்கள் உருவாகும் விதம்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைகளில் தரையைக் கூட்டிய தூசியைக்கூடக் குப்பையில் கொட்டமாட்டார்கள். கொலுசு அறுக்கும்போதும் ராவும்போதும் சிந்திய வெள்ளி அதில் கலந்திருக்கும். அதைப் பிரித்தெடுக்கப் பழைய வழி ஒன்று உண்டு. நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அந்தக் கரைசலில் ஒரு செம்புத் தகட்டைப் போட்டுவைத்தால், போன வெள்ளி சாம்பல் நிறத் தூளாகத் திரும்பிவந்து படியும். அப்புறம் உருக்கிக் கட்டியாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். கரையும்போது ஒவ்வொரு வெள்ளி அணுவும் ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாகிறது. செம்பு தன்னிடமுள்ள எலக்ட்ரானைக் கொடுத்ததும் அந்த அயனி மறுபடி உலோகமாகிறது. ஒடுக்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது இதுதான்.

சரி, செம்புத் தகட்டுக்குப் பதிலாக வேப்பிலையை வேகவைத்து வடித்த சாற்றை ஊற்றினால்? அப்போதும் வெள்ளி திரும்பி வரும். ஆனால் தூளாகக் கீழே விழாது. கரைசல் மெல்ல மஞ்சளாகி, சிறிது நேரத்தில் தேயிலைச் சாயம் போலப் பழுப்பாகும். எவ்வளவு நேரம் வைத்துப் பார்த்தாலும் துகள் என்று ஒன்று கண்ணில் படாது. அந்தப் பழுப்பு நிறமே வெள்ளிதான். ஒரு துகளின் அகலம் பத்து, இருபது, ஐம்பது நானோமீட்டர் என்ற கணக்கில் இருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர்.

'துளசியிலிருந்து மலேரியாவுக்கு நானோ மருந்து' என்கிற மாதிரி செய்தித் தலைப்புகளைப் பார்த்ததும், துளசியின் மருந்துக் குணத்தைப் பொடிப்பொடியாக்கிக் குப்பியில் அடைத்துவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தக் குப்பியில் இருப்பது வெள்ளி. துளசியோ வேம்போ அதைச் செய்து கொடுத்த கை. கொசுவைக் கொல்லும் வேலையில் பெரும்பங்கு உலோகத்தினுடையது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

அளவு சிறுத்தால் என்ன ஆகும்? ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள வெள்ளிக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எடை சுமார் பத்தரை கிராம். அதன் ஆறு முகங்களையும் கூட்டினால் ஆறு சதுர சென்டிமீட்டர் பரப்பு. அதே கட்டியைப் பத்து நானோமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 15 சென்ட் நிலம். எடை கூடவில்லை, ஆனால் தண்ணீரையும் உயிரணுவையும் தொடும் பரப்பு பத்து லட்சம் மடங்கு கூடிவிட்டது. வேதிவினை பரப்பில்தான் நடக்கிறது. வெள்ளி அயனிகள் கசிவதும் பரப்பிலிருந்துதான். கொலுசு போட்ட காலை ஒன்றும் செய்யாத வெள்ளி, இந்த அளவுக்குச் சிறுத்ததும் கொசுப்புழுவைக் கொல்வதற்கு முக்கியமான காரணம் இது.

நிறம் மாறுவதற்கும் அளவே காரணம். இவ்வளவு சிறிய துகளில் வெளிச்சம் பட்டால் அதிலுள்ள எலக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்து ஒரே லயத்தில் ஆடும். அந்த ஆட்டத்துக்கு ஊதா, நீலப் பக்கத்து ஒளி செலவாகிவிடுகிறது. மிச்சம் நம் கண்ணுக்கு வருவது மஞ்சளும் பழுப்பும். தங்கம் என்றால் பச்சைப் பக்கத்து ஒளியை விழுங்கும். அதனால் தங்க நானோ துகள் கரைசல் மாணிக்கச் சிவப்பாக இருக்கும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இப்படிச் சிவப்புத் தங்கக் கரைசல் செய்து, தங்கம் மிகச் சிறிய துகளாக இருப்பதால்தான் இந்த நிறம் என்று சொல்லியிருக்கிறார். தங்க அயனியை உலோகமாக்க அவர் பயன்படுத்தியது பாஸ்பரஸ். பின்னால் வந்தவர்கள் சோடியம் போரோஹைட்ரைடு, ஹைட்ரசீன் போன்ற கடுமையான பொருள்களையும் பயன்படுத்தினார்கள். ஹைட்ரசீன் நச்சு. அதைத் தவிர்க்கத்தான் செடியின் பக்கம் வந்தார்கள். 2004-ல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு வேப்பிலைச் சாற்றைக் கொண்டே வெள்ளி, தங்க நானோ துகள்களைச் செய்து காட்டியது. அதற்குப் பிறகு கையில் கிடைத்த செடியையெல்லாம் ஆய்வகங்கள் வேகவைக்க ஆரம்பித்தன. நொச்சி, ஊமத்தை, எருக்கு, கீழாநெல்லி, ஆடாதொடை எதுவும் தப்பவில்லை. காட்டை நாசம் பண்ணும் உன்னிச்செடிக்கும் பார்த்தீனியத்துக்கும்கூட ஒரு வேலை கிடைத்தது.

இத்தனை செடிகளிலும் இது நடப்பதற்குக் காரணம், பெரும்பாலான இலைகளில் எலக்ட்ரானைத் தரக்கூடிய பொருள்கள் இருப்பதுதான். துவர்ப்புத் தரும் பாலிபீனால்கள், ஃபிளேவனாய்டுகள், சில சர்க்கரைகள், புரதங்கள் ஆகியவை வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுத்து உலோகமாக்குகின்றன. அதோடு வேலை முடியவில்லை. உருவான வெள்ளி அணுக்களை அப்படியே விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துக்கொண்டே போகும். அதே இலைப் பொருள்கள் துகளின் மேல் போர்வையாகப் படிந்து, இதற்கு மேல் ஒட்டாதே என்று நிறுத்திவைக்கின்றன.

கவுந்தப்பாடிப் பக்கம் ஆலைக்கொட்டாயில் கரும்புப் பாகு இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரே பாகுதான். அச்சில் ஊற்றி விட்டுவிட்டால் கட்டியாக இறுகி வெல்லமாகிறது. ஆறும்போதே விடாமல் தேய்த்துக் கிளறினால் பொலபொலவென்று நாட்டுச்சர்க்கரையாக உதிர்கிறது. பழநிக்குப் பஞ்சாமிர்தத்துக்குப் போவது அந்தத் தூள்தான். எப்போது, எவ்வளவு சூட்டில், எவ்வளவு வேகமாகத் தேய்த்தோம் என்பது குருணையின் அளவைத் தீர்மானிக்கிறது. நானோ துகளிலும் சூடு, சாற்றின் அளவு, கார அமிலத் தன்மை, நேரம் ஆகியவைதான் துகள் இருபது நானோமீட்டரில் நிற்குமா, இருநூறுக்குப் போகுமா என்பதை முடிவுசெய்கின்றன.

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் எந்தக் கல்லூரி உயிரியல் துறையில் நுழைந்தாலும் இந்த வேலையைச் செய்த எம்.எஸ்சி. மாணவர் ஒருவராவது கிடைப்பார். செய்முறை அவ்வளவு எளியது. பத்து கிராம் இலையைக் கழுவி நறுக்கி, நூறு மில்லி காய்ச்சி வடித்த நீரில் ஐந்து பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வடிதாளில் வடிக்கிறார்கள். ஒரு லிட்டருக்கு 170 மில்லிகிராம் என்ற கணக்கில் சில்வர் நைட்ரேட்டைக் கரைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கரைசல் ஒன்பது பங்குக்குச் சாறு ஒரு பங்கு ஊற்றி வைக்கிறார்கள். நிறம் மாறியதும் வேகமாகச் சுழற்றும் இயந்திரத்தில் சுற்றினால் துகள் அடியில் உறையும். கழுவி உலர்த்தினால் கறுப்புத் தூள். கையுறை போடாமல் சில்வர் நைட்ரேட்டைத் தொட்டவர்களை அடையாளம் கண்டுபிடிக்கலாம். வெளிச்சம் பட்டதும் விரல் கறுத்துவிடும், தோல் உரியும்வரை போகாது.

'காய்ச்சி வடித்த நீர்' என்பதைச் சும்மா சொல்லவில்லை. நம் பக்கத்து போர் தண்ணீரை எடுத்து இதைச் செய்து பாருங்கள். சில்வர் நைட்ரேட்டைப் போட்டதும் தண்ணீர் பால் போல வெளுத்துவிடும். உப்புத் தண்ணீரிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துச் சில்வர் குளோரைடாக்கிவிடுகிறது. இலைச் சாறு வந்து சேர்வதற்குள் அயனியில் பெரும்பகுதி போயிருக்கும். இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பழுப்பானதும் துகள் வந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டுவிட முடியாது. இலைச்சாறு தானாகவே பழுப்பாகும். ஆகவே ஒளி உறிஞ்சும் அளவைப் பார்க்கும் கருவியில் வைத்து, 400 முதல் 450 நானோமீட்டருக்குள் ஒரு மேடு எழுகிறதா என்று பார்ப்பார்கள். எக்ஸ்ரே கதிரை வைத்து அது படிக வெள்ளிதானா என்று உறுதிசெய்வார்கள். கடைசியில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் துகளின் வடிவத்தையும் அளவையும் கண்ணால் பார்ப்பார்கள். இருபது நானோமீட்டர் உருண்டை ஒன்றில் சுமார் இரண்டரை லட்சம் வெள்ளி அணுக்கள் இருக்கும். நம் சிவப்பு ரத்த அணு ஒன்றின் குறுக்கே அப்படிப்பட்ட உருண்டைகளை வரிசையாக வைத்தால் முந்நூற்றைம்பதுக்கு மேல் பிடிக்கும்.

இனி மலேரியா. அதை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்கிற ஒட்டுண்ணி. ஊர் ஊராகக் கொண்டுபோவது அனோபிலஸ் பெண் கொசு. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்த ஒட்டுண்ணியைக் கண்டார். நோயாளியின் உடம்புக்குள் ஒட்டுண்ணியைக் கொல்லலாம், அல்லது கொசுவை ஒழிக்கலாம் என்று இரண்டு வழி அப்போதே திறந்துவிட்டது. நானோ துகள் ஆய்வுகளும் இந்த இரண்டிலும் நடக்கின்றன. முதலில் கொசு.

நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் ஸ்டீபன்சிக்குச் சாக்கடை பிடிக்காது. சுத்தமான தண்ணீர்தான் வேண்டும்: மூடாத மாடித் தொட்டி, கிணறு, கட்டட வேலைக்குத் தேக்கிய சிமென்ட் தொட்டி. எட்டிப் பார்த்தால் புழுவை அடையாளம் காணலாம். கியூலெக்ஸ், ஏடிஸ் புழுக்கள் மூச்சுக்குழலை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும். அனோபிலஸுக்கு அந்தக் குழல் கிடையாது. அதனால் நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்த மாதிரி மிதக்கும், மேலே மிதப்பதையே தின்னும். கொங்குப் பகுதியில் இன்று மலேரியா அரிது. ஆனால் கொசு இருக்கிறது. நோய் இன்னும் மிஞ்சியிருக்கும் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களிலிருந்து திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்கு வருகிறவர்களில் யாருக்காவது காய்ச்சல் இருந்து, அதை உடனே கண்டுபிடித்து மருந்து கொடுக்காமல் விட்டால், இங்கே பரவ வேண்டியதெல்லாம் தயாராகவே இருக்கிறது. காய்ச்சல் என்று போனால் ரத்தத் தடவல் எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

கோவை பாரதியார் பல்கலைக்கழக விலங்கியல் துறையிலிருந்து இந்த ஸ்டீபன்சி கொசுவை வைத்து நிறைய ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. பொதுவாகச் சோதனை இப்படி நடக்கும். ஒரு கிண்ணம் தண்ணீரில் இருபத்தைந்து புழுக்களை விட்டு, துகளைக் கலந்து, 24 மணி நேரம் கழித்துச் செத்ததை எண்ணுவார்கள். பல அளவுகளில் திரும்பத் திரும்பச் செய்வார்கள். மருந்தே போடாத கிண்ணமும் ஒன்று பக்கத்தில் இருக்கும். அதிலேயே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செத்துப்போனால் அந்தச் சோதனையைத் தூக்கிப்போட்டுவிட வேண்டும் என்பது விதி. பாதிப் புழுக்களைக் கொல்லத் தேவையான அளவைக் கணக்கிட்டு அதைத்தான் முடிவாகச் சொல்வார்கள். வெறும் இலைச்சாறு என்றால் அந்த அளவு பெரும்பாலும் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம். அதே இலையில் செய்த வெள்ளித் துகளுக்குச் சில மில்லிகிராமிலிருந்து சில பத்து மில்லிகிராம் போதும். துகள் உள்ளே போய்க் குடலின் உட்சுவரைச் சிதைக்கிறது; கசியும் வெள்ளி அயனிகள் கந்தகம் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொண்டு செயலிழக்கச் செய்கின்றன.

இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் 'மூலிகையின் வீரியம் நானோவில் பன்மடங்கு' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. இன்னும் ஒரு கிண்ணம் வேண்டாமா? வெறும் சில்வர் நைட்ரேட் மட்டும் போட்ட கிண்ணம். வெள்ளி அயனி தனியாகவே புழுவைக் கொல்லக்கூடியது. அந்த ஒப்பீடு இல்லாத கட்டுரையில் செடி என்ன சேர்த்தது, துகள் என்ன சேர்த்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரு கட்டுரையை எடுத்தால் நான் முதலில் தேடுவது இந்தக் கிண்ணத்தைத்தான்.

அடுத்து, அளவு. ஸ்டீபன்சி வளர்வது நாம் குடிக்கும், புழங்கும் தண்ணீரில். குடிநீரில் வெள்ளி லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பாதிப் புழுவைக் கொல்லவே ஐந்து மில்லிகிராம் வேண்டுமென்றால் அது வரம்பைவிட ஐம்பது மடங்கு. செலவையும் போட்டுப் பார்க்கலாம்: ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் என்றால் பத்து கிராம், பவுன் கணக்கில் ஒன்றேகால் பவுன் எடை. இதற்கு எதிரே, உள்ளாட்சிப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து ஊற்றும் அபேட் மருந்தை நிறுத்திப் பாருங்கள். அதிலுள்ள டெமிபாஸை லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மிகாமல் குடிநீர்த் தொட்டியிலேயே போடலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் அனுமதித்திருக்கிறது. டெமிபாஸுக்குக் கொசு பழகிக்கொள்வது உண்மையான பிரச்சினைதான். மாற்று தேட வேண்டியதும் உண்மை. ஆனால் நானோ வெள்ளி அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை.

குடிக்காத நீர்நிலைகளில் போடலாமே என்று கேட்கலாம். அங்கே உப்பு வந்து நிற்கிறது. நொய்யல் கரைக் குட்டைகளிலும் நம் பாறைக்குழிகளிலும் உள்ள நீர் ஆய்வகக் கிண்ணத்து நீர் மாதிரி இருக்காது. உப்பும் கரிமக் கழிவும் பட்டதும் துகள்கள் போர்வையை இழந்து திரண்டு அடியில் இறங்கிவிடும். புழுவோ மேல்பரப்பில் மேய்கிறது. அடியில் சேரும் வெள்ளி நீர்த்தெள்ளுப் பூச்சிகளுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் நஞ்சு. செடியில் செய்ததால் பாதுகாப்பானது என்று சொல்வதற்கில்லை. செய்யும்போது ஹைட்ரசீன் தேவைப்படவில்லை என்பது வேறு, செய்து முடித்த பொருளுக்கு நஞ்சில்லை என்பது வேறு.

இந்த ஆய்வுகளில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீனை நம் ஊர்க் கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடுவது தெரியும். கொல்லும் அளவைவிட மிகக் குறைந்த அளவில் துகளைக் கலந்த நீரில் மீன் முன்பைவிட அதிகப் புழுக்களைப் பிடிக்கிறது என்று சில சோதனைகளில் தெரியவந்தது. புழு மந்தமாகித் துள்ளித் தப்ப முடியாமல் போவது காரணமாக இருக்கலாம். மீனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு வெள்ளியின் அளவைக் குறைப்பது, தொட்டி முழுக்க வெள்ளியைக் கொட்டுவதைவிடப் புத்திசாலித்தனமான வழியாகத் தோன்றுகிறது.

இரண்டாவது வழி நோயாளியின் ரத்தத்திலுள்ள ஒட்டுண்ணி. இங்கே செடிகளுக்குப் பழைய பெருமை இருக்கிறது. வால்பாறைக்குப் பக்கத்தில் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரைக்காக அரசு சின்கோனா மரம் வளர்த்த இடம். இப்போது சுற்றிலும் தேயிலை. சீனாவில் தூ யூயூ ஒரு மாசிபத்திரி வகைச் செடியிலிருந்து ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்தைப் பிரித்து, 2015-ல் நோபல் பரிசு பெற்றார். இரண்டிலும் செடியிலிருந்து ஒரே ஒரு மூலக்கூறைப் பிரித்தெடுத்து, இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு வேலை செய்யும் என்று அளந்து, மனிதர்களிடம் சோதித்தார்கள். நானோ துகளின் கதை அதுவல்ல. போர்வையில் எந்தெந்த இலைப் பொருள் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பது சித்திரை இலைக்கும் ஐப்பசி மழைக்குப் பிந்திய இலைக்கும் மாறும். ஒரு தடவை வந்த தூள் அடுத்த தடவை அப்படியே வரும் என்று உறுதியில்லை. மருந்தாக வேண்டுமென்றால் முதலில் இது சரியாக வேண்டும்.

1976 முதல் மலேரியா ஒட்டுண்ணியை மனித ரத்த அணுவில் வைத்துத் தட்டிலேயே வளர்க்க முடிகிறது. அந்தத் தட்டில் வெள்ளித் துகளைச் சேர்த்தால் ஒட்டுண்ணி பெருகுவது குறைகிறது. குளோரோகுயின் என்ற மலேரியா மருந்துக்கு மசியாத வகையும் குறைகிறது. நல்ல செய்திதான். ஆனால் தட்டில் கல்லீரல் இல்லை, சிறுநீரகம் இல்லை. ஒட்டுண்ணியைத் தடுக்கும் அளவில் அந்த ரத்த அணுவே உடையாமல் இருக்கிறதா என்றுகூட எல்லாக் கட்டுரைகளும் பார்ப்பதில்லை. உடம்புக்குள் போன வெள்ளி தோலடியில் தங்கி, ஆளையே நீலச் சாம்பல் நிறமாக்கிவிடக்கூடும். அந்த நிறம் திரும்பப் போகாது. யூடியூபில் பார்த்துவிட்டு வெள்ளித் தண்ணீர் குடிக்கிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. மலேரியா என்று உறுதியானால் அதற்கான மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது.

இதைப் புராஜெக்டாக எடுக்கும் மாணவர்களுக்கு: புதிதாக இன்னொரு செடியைத் தேடி அலைவதைவிட, ஏற்கெனவே செய்த ஒரு செடியை ஆடி, ஐப்பசி, தை, சித்திரை என்று நான்கு பருவத்து இலையில் செய்து ஒப்பிட்டால் பயன் அதிகம். ஆய்வகத்து நீரோடு ஊர்க் குட்டை நீரிலும் புழுவை விட்டுப் பாருங்கள். சில்வர் நைட்ரேட் கிண்ணத்தை விட்டுவிடாதீர்கள். மீந்த கரைசலை வாஷ்பேசினில் ஊற்றாமல் ஒரு பாட்டிலில் சேர்த்து வையுங்கள். கொஞ்சம் சமையல் உப்பைப் போட்டால் கரைந்திருக்கும் அயனி வெள்ளைப் படிவாக இறங்கும். அதை வடித்துக் கல்லூரியின் ரசாயனக் கழிவோடு சேர்த்துவிடலாம்.